1550 எடுத்தவருக்கு ‘நோ’... 1420 எடுத்தவருக்கு ‘எஸ்’! அமெரிக்காவின் டாப் கல்லூரிகள் எஸ்.ஏ.டி மார்க்கை எப்படிப் பார்க்கின்றன?

1600-க்கு 1550 மார்க். நம்ம ஊர்க் கணக்கில் பார்த்தால் கிட்டத்தட்ட சென்டம் மாதிரி. ஆனால் இந்த மார்க்கோடு ஹார்வர்டு, ஸ்டான்போர்டு, எம்.ஐ.டி மாதிரியான கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களில் பெரும்பாலானோருக்கு வருவது ‘மன்னிக்கவும்’ என்ற பதில்தான். அதே நேரத்தில், 1400-களில் மார்க் வாங்கிய சிலருக்கு இதே மாதிரி கல்லூரிகளின் கதவு திறக்கிறது.

அப்போ மார்க்குக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. இன்னும் சொல்லப்போனால், கொரோனா காலத்தில் ‘மார்க் வேண்டாம்’ என்று சொன்ன பல கல்லூரிகள், 2022-ல் இருந்து ஒவ்வொன்றாக ‘மார்க் கட்டாயம்’ என்று திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. அதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் பலரை ஆச்சரியப்படுத்தியது. மார்க்கை மறைக்கலாம் என்ற சலுகை, யாருக்கு உதவ வேண்டுமோ அந்த ஏழை மாணவர்களையே பாதித்திருக்கிறது என்கிறது ஒரு கல்லூரியின் ஆய்வு.

வெளிநாட்டுப் படிப்பைக் கனவு காணும் நம்ம மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. எளிமையாகப் பார்க்கலாம்.

எஸ்.ஏ.டி என்பது என்ன தேர்வு?

அமெரிக்காவில் பிளஸ் 2 முடித்துவிட்டு இளநிலைப் படிப்பில் சேர நினைக்கும் மாணவர்கள் எழுதும் தேர்வு இது. காலேஜ் போர்டு என்ற லாப நோக்கமற்ற அமைப்பு நடத்துகிறது. இதற்குப் போட்டியாக ஏ.சி.டி என்ற இன்னொரு தேர்வும் 1959-ல் இருந்து நடக்கிறது. அதில் அதிகபட்ச மார்க் 36. இரண்டில் எதை எழுதினாலும் கல்லூரிகள் ஏற்றுக்கொள்ளும்.

எஸ்.ஏ.டி-யில் இரண்டே பகுதிகள்தான். ஒன்று, ஆங்கிலம் வாசித்தலும் எழுதுதலும். இன்னொன்று, கணக்கு. ஒவ்வொன்றுக்கும் 200 முதல் 800 வரை மார்க். மொத்தம் 400-ல் தொடங்கி 1600-ல் முடியும். தப்பான விடைக்கு மார்க் கழிக்க மாட்டார்கள்.

இந்தியா உள்ளிட்ட வெளிநாடுகளில் 2023 மார்ச் முதலும், அமெரிக்காவில் 2024 மார்ச் முதலும் இது முழுக்க டிஜிட்டல் தேர்வாகிவிட்டது. 98 கேள்விகள், 2 மணி 14 நிமிடம். ஒவ்வொரு பகுதியும் இரண்டு பாகமாக வரும். முதல் பாகத்தில் நன்றாகச் செய்தால், இரண்டாவது பாகம் கொஞ்சம் கடினமாக வரும். சொதப்பினால் எளிதாக வரும். ஆனால் எளிதான பாகம் வந்துவிட்டால், எட்டக்கூடிய உச்ச மார்க்கும் குறைந்துவிடும்.

2024-ல் பள்ளிப்படிப்பை முடித்த அமெரிக்க மாணவர்களின் சராசரி மார்க் 1024. அதாவது 1500 என்பது சாதாரண மார்க் இல்லை.

‘கட்-ஆஃப் எவ்வளவு?’ என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடையாது

நம்ம ஊரில் நீட் என்றால் 720-க்கு எவ்வளவு என்று பார்ப்போம். இன்ஜினியரிங் கவுன்சிலிங் என்றால் 200-க்கு கட்-ஆஃப் எவ்வளவு என்று பார்ப்போம். மார்க் வரும், ரேங்க் லிஸ்ட் வரும், மேலே இருந்து சீட் நிரம்பும். 0.5 மார்க் குறைந்தாலும் ஆட்டம் மாறிவிடும்.

அமெரிக்காவின் டாப் கல்லூரிகளில் இப்படி ஒரு ரேங்க் லிஸ்ட்டே கிடையாது. அங்கே ஒரு விண்ணப்பம் என்பது ஒரு கட்டு ஃபைல் மாதிரி. அதற்குள் இவ்வளவும் இருக்கும்:

• 9-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரையிலான மார்க் பட்டியல்
• பள்ளியில் இருந்த பாடங்களில் எவ்வளவு கடினமான பாடங்களை எடுத்துப் படித்தார் என்ற விவரம்
• எஸ்.ஏ.டி அல்லது ஏ.சி.டி மார்க்
• மாணவரே எழுதும் கட்டுரைகள்
• ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள்
• விளையாட்டு, கலை, சேவை, பகுதிநேர வேலை, வீட்டுப் பொறுப்புகள்
• படித்த பள்ளியைப் பற்றிய குறிப்பு

இதையெல்லாம் மாணவர் சேர்க்கை அதிகாரிகள் ஒன்றாக வைத்துப் படிக்கிறார்கள். பிறகு குழுவாக உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள்.

ஹார்வர்டு இதை எப்படிச் செய்கிறது என்பது 2018-ல் நடந்த ஒரு நீதிமன்ற விசாரணையில் வெளியே வந்தது. படிப்பு, பாடத்துக்கு வெளியே உள்ள ஈடுபாடு, விளையாட்டு, தனிப்பட்ட குணம் என்று தனித்தனியாக 1 முதல் 6 வரை மதிப்பு போடுகிறார்கள். 1 என்றால் உச்சம். எஸ்.ஏ.டி மார்க் வந்து சேர்வது ‘படிப்பு’ என்ற ஒரு கட்டத்துக்குள் மட்டும்தான். அங்கேயும் பள்ளி மார்க்கோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், மார்க் ‘இந்த மாணவரால் இங்கே வந்து தாக்குப்பிடிக்க முடியுமா?’ என்ற முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறது. ‘முடியும்’ என்று பதில் வந்த பிறகு, 1530-க்கும் 1570-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்கப்புறம் பேசுவது மற்ற விஷயங்கள்தான்.

இடம் எவ்வளவு என்பதையும் பாருங்கள். 2024-ல் ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தவர்கள் 54,008 பேர். இடம் கிடைத்தது 1,937 பேருக்கு. கிட்டத்தட்ட 28 பேரில் ஒருவருக்குத்தான் இடம். தகுதியானவர்களை மட்டும் வடிகட்டி எடுத்தாலே இடத்தைப் போல பல மடங்கு பேர் மிஞ்சுவார்கள். 1550 எடுத்தவருக்கு ‘நோ’ வருவது இதனால்தான்.

ஒரே மார்க்... ஆனால் ஒரே மதிப்பு இல்லை!

இங்கேதான் பலருக்கும் குழப்பம் வருகிறது. இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்வோம்.

முதல் மாணவர், பெரிய நகரத்தில் உள்ள ஒரு தனியார் பள்ளி. அங்கே சராசரி எஸ்.ஏ.டி மார்க்கே 1450. தனி டியூஷன் வைத்து, மூன்று முறை எழுதி 1500 வாங்குகிறார். இரண்டாவது மாணவர், சிறிய ஊரின் அரசுப் பள்ளி. அங்கே சராசரி 1000. மாலையில் கடையில் வேலை பார்த்துக்கொண்டே ஒரே முறை எழுதி 1400 வாங்குகிறார்.

வெறும் எண்ணைப் பார்த்தால் முதல் மாணவருக்கு 100 மார்க் அதிகம். ஆனால் சேர்க்கை அதிகாரி பார்க்கும் கணக்கு வேறு. முதல் மாணவர் தன் பள்ளியின் சராசரியை 50 மார்க் தாண்டியிருக்கிறார். இரண்டாவது மாணவர் 400 மார்க் தாண்டியிருக்கிறார். இருக்கிற வசதிக்கு யார் அதிக தூரம் ஓடியிருக்கிறார்? இந்தக் கேள்விக்கு அந்த 1400 பலமான பதிலாகிவிடுகிறது.

‘சூழலோடு சேர்த்து மார்க்கைப் பார்ப்பது’ என்று கல்லூரிகள் சொல்வது இதைத்தான். பெரிய கல்லூரிகள் ஒரு மாணவரின் மார்க்கை, அவர் படித்த பள்ளியிலும் அந்தப் பகுதியிலும் மற்றவர்கள் வாங்கும் மார்க்கோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன.

இந்தத் தேர்வு எங்கிருந்து வந்தது?

முதல் எஸ்.ஏ.டி தேர்வு நடந்தது 1926 ஜூன் 23-ல். சுமார் 8,000 பேர் எழுதினார்கள். உருவாக்கியவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர் கார்ல் பிரிகாம். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவ வீரர்களுக்கு வைத்த அறிவுத்திறன் தேர்வுகள்தான் இதற்கு அடிப்படை. அந்த ராணுவத் தேர்வு முடிவுகளை வைத்து, சில இனங்கள் அறிவில் உயர்ந்தவை என்று 1923-ல் புத்தகமே எழுதியவர் பிரிகாம். 1930-ல் அந்த முடிவுகளை அவரே திரும்பப் பெற்றார். எஸ்.ஏ.டி மீது இன்றைக்கும் சந்தேகம் கிளம்புவதற்கு இந்தப் பின்னணியும் ஒரு காரணம்.

ஆனால் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1933-ல் ஹார்வர்டின் தலைவரான ஜேம்ஸ் பிரையன்ட் கோனன்ட், பணக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள் மட்டுமே படிக்கும் இடமாக ஹார்வர்டு இருப்பதை மாற்ற நினைத்தார். பெயர் தெரியாத ஊர்களில் இருக்கும் திறமைசாலிகளைத் தேடி உதவித்தொகை கொடுக்க, அவர் கையில் எடுத்த கருவி இதே எஸ்.ஏ.டி.

அதாவது, கதவை மூடும் தேர்வு என்று திட்டப்படுவதும், கதவைத் திறக்கும் தேர்வு என்று பாராட்டப்படுவதும் ஒரே தேர்வுதான். நூறு வருஷமாக இந்த வாதம் முடியவில்லை.

கொரோனா வந்தது... மார்க் போனது!

1969-லேயே மெய்ன் மாநிலத்தின் போடின் கல்லூரி, ‘இஷ்டம் இருந்தால் மார்க் கொடுங்கள்’ என்று அறிவித்துவிட்டது. ஆனால் பெரிய மாற்றம் வந்தது 2020-ல். கொரோனாவால் தேர்வு மையங்கள் மூடப்பட்டன. எழுதவே வழியில்லாத தேர்வை எப்படிக் கட்டாயமாக்குவது? எனவே நாடு முழுக்க கல்லூரிகள் விதியைத் தளர்த்தின.

அப்போது மூன்று வகையான விதிகள் உருவாயின. இந்த மூன்றையும் பிரித்துப் புரிந்துகொள்வது ரொம்ப முக்கியம்.

கட்டாயம்: மார்க் இல்லாமல் விண்ணப்பம் முழுமையாகாது.

விருப்பம்: கொடுத்தால் பார்ப்போம், கொடுக்காவிட்டால் மற்றதை வைத்து முடிவெடுப்போம்.

பார்க்கவே மாட்டோம்: நீங்களாகக் கொடுத்தாலும் சேர்க்கைக்குக் கணக்கில் எடுக்க மாட்டோம்.

மூன்றாவது வகைக்குப் பெரிய உதாரணம் கலிபோர்னியா பல்கலைக்கழகம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ உள்ளிட்ட 9 இளநிலை வளாகங்கள் இதில் உண்டு. இங்கே 1600-க்கு 1600 எடுத்தாலும் சேர்க்கையில் அதைப் பார்க்க மாட்டார்கள். இந்த முடிவுக்கு வருவதற்கு முன், 2020 தொடக்கத்தில் அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் குழு ஓர் ஆய்வு செய்து, இந்தத் தேர்வு மாணவர்களைக் கணிக்க உதவுகிறது, இப்போதைக்கு விட வேண்டாம் என்று சொல்லியிருந்தது. நிர்வாகக் குழு அதை ஏற்காமல் தேர்வைக் கைவிட்டது. 2021 மே மாதம் ஒரு வழக்கில் ஏற்பட்ட சமரசத்துக்குப் பிறகு மார்க் முழுமையாக வெளியேறியது.

‘விருப்பம்’ என்ற வார்த்தைக்குள் இருந்த பொறி

‘இஷ்டம் இருந்தால் கொடு’ என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு கல்லூரியில் 100 பேர் சேர்கிறார்கள். எல்லோரும் மார்க் கொடுத்தால் நடு மார்க் 1450 என்று வைத்துக்கொள்வோம். இப்போது மார்க் குறைவான 40 பேர் கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். மீதி 60 பேரின் மார்க்கை மட்டும் வைத்துப் பார்த்தால் நடு மார்க் 1500-ஐத் தொட்டுவிடும். கல்லூரியின் தரம் மாறவில்லை, மாணவர்கள் மாறவில்லை. ஆனால் இணையதளத்தில் வரும் எண் மட்டும் ஏறிவிட்டது.

அடுத்த வருஷம் 1460 எடுத்த ஒருவர் இதைப் பார்க்கிறார். ‘ஐயோ, நம்ம மார்க் குறைவு’ என்று நினைத்து மறைக்கிறார். எண் இன்னும் ஏறுகிறது. அதற்கடுத்த வருஷம் 1480 எடுத்தவரும் மறைக்கிறார். இப்படியே போகிறது.

இதில் யார் சரியாக முடிவெடுப்பார்கள்? வழிகாட்ட ஆள் இருப்பவர்கள். பள்ளியில் நல்ல கவுன்சிலர், வெளியே கட்டணம் கட்டி வைத்த ஆலோசகர், ஏற்கெனவே இந்தக் கல்லூரிகளில் படித்த அப்பா அம்மா. இது எதுவும் இல்லாத முதல் தலைமுறை மாணவருக்குத் தெரிவது அந்த எண் மட்டும்தான்.

டார்ட்மவுத் கண்டுபிடித்தது என்ன?

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள டார்ட்மவுத் கல்லூரி, ஐவி லீக் எனப்படும் 8 புகழ்பெற்ற கல்லூரிகளில் ஒன்று. அதன் தலைவர் சியான் பெய்லாக், தங்கள் சேர்க்கை விவரங்களையே எடுத்து ஆராயும்படி அங்குள்ள பொருளாதார, சமூகவியல் பேராசிரியர்களைக் கேட்டுக்கொண்டார்.

ஆய்வில் வந்த முடிவு: வசதி குறைந்த பின்னணியில் இருந்து வந்த பல மாணவர்கள் 1400 அளவில் மார்க் வைத்திருந்தும் அதைக் கொடுக்கவில்லை. மார்க் குறைவு என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் படித்த பள்ளியோடு ஒப்பிட்டால் அது அசத்தலான மார்க். கொடுத்திருந்தால் சேர்க்கை வாய்ப்பு கூடியிருக்கும். தங்களுக்கே உதவக்கூடிய சான்றைத் தாங்களே ஒளித்துவிட்டார்கள்.

இன்னொரு விஷயமும் தெரிந்தது. கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒருவர் எப்படிப் படிப்பார் என்பதைப் பள்ளி மார்க், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றைவிட எஸ்.ஏ.டி மார்க் நன்றாகக் கணித்தது. 2024 பிப்ரவரி 5-ல் டார்ட்மவுத் மீண்டும் மார்க்கைக் கட்டாயமாக்கியது. ஐவி லீக் கல்லூரிகளில் இதைச் செய்த முதல் கல்லூரி அதுதான்.

யார் திரும்பி வந்தார்கள்? யார் வரவில்லை?

• எம்.ஐ.டி: 2022 மார்ச்சிலேயே மீண்டும் கட்டாயமாக்கியது. அங்கே எந்தப் பாடம் எடுத்தாலும் கால்குலஸும் இயற்பியலும் படித்தே ஆக வேண்டும். அதற்கு மாணவர் தயாரா என்று தெரிய மார்க் உதவுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம்.
• யேல்: 2024 பிப்ரவரியில் அறிவித்தது. எஸ்.ஏ.டி, ஏ.சி.டி, ஏ.பி., ஐ.பி. ஆகிய நான்கில் ஏதாவது ஒன்றின் மார்க் போதும் என்றது.
• பிரவுன்: 2024 மார்ச்சில் அறிவித்தது.
• ஹார்வர்டு, கால்டெக்: 2024 ஏப்ரலில் ஒரே நாளில் அறிவித்தன.
• கார்னெல், ஸ்டான்போர்டு: 2026-ல் சேரும் மாணவர்கள் முதல் கட்டாயம்.
• பென்சில்வேனியா பல்கலைக்கழகம்: 2025 பிப்ரவரியில் அறிவித்தது.
• பிரின்ஸ்டன்: 2027-28 சேர்க்கை முதல் கட்டாயம்.
• கொலம்பியா: விருப்பம் என்பதையே நிரந்தர விதியாக 2023-ல் அறிவித்தது.
• கலிபோர்னியா பல்கலைக்கழகம்: பார்ப்பதே இல்லை.

டாப் கல்லூரிகள் திரும்பினாலும், அமெரிக்கா முழுக்கப் பார்த்தால் 1,800-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் இன்னும் மார்க் கட்டாயம் இல்லை.

இது பணக்காரர்களுக்கான தேர்வுதானே?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவின் மேல்தட்டு 1 சதவீதப் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள் 1300-க்கு மேல் வாங்கும் வாய்ப்பு, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளைவிட 13 மடங்கு அதிகம். நல்ல பள்ளி, தனி டியூஷன், திரும்பத் திரும்ப எழுதப் பணம் என எல்லாம் சேர்ந்து மார்க்காக மாறுகிறது.

மோசடியும் நடந்திருக்கிறது. 2019 மார்ச்சில் வெடித்த சேர்க்கை ஊழலில் 50 பேர் மீது வழக்கு பதிவானது. பணம் வாங்கிக்கொண்டு விடைகளைத் திருத்திக் கொடுத்ததும் அதில் அம்பலமானது. மகளின் மார்க்கை ஏற்ற 15,000 டாலர் கொடுத்த ஹாலிவுட் நடிகை ஒருவர் சிறைக்கே போய் வந்தார்.

ஆனால் மார்க்கை எடுத்துவிட்டால் அந்த இடத்தை எது நிரப்பும்? கட்டுரை. அதைத் திருத்திக் கொடுக்க ஆள் வைக்கலாம். பாய்மரப் படகு, வாள்வீச்சு மாதிரியான விளையாட்டு. அதைக் கற்றுக்கொள்ளவே வசதி வேண்டும். பரிந்துரைக் கடிதம். ஒரு ஆசிரியருக்கு 20 மாணவர்கள் இருக்கும் பள்ளியில் கிடைக்கும் கடிதமும், 150 மாணவர்கள் இருக்கும் பள்ளியில் கிடைக்கும் கடிதமும் ஒன்றாக இருக்காது.

ஹார்வர்டு பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் சக ஆய்வாளர்களும் 2023-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றித்தான் பேசியது. டெல்லியில் பிறந்தவர் ராஜ் செட்டி. பெற்றோரின் பூர்வீகம் தமிழ்நாடு. ஐவி லீக் கல்லூரிகளையும் அதே தரத்தில் உள்ள இன்னும் நான்கு கல்லூரிகளையும் அவர்கள் ஆராய்ந்தார்கள். ஒரே எஸ்.ஏ.டி மார்க் வைத்திருந்தாலும், நடுத்தரக் குடும்பத்து மாணவரைவிட மேல்தட்டு 1 சதவீதக் குடும்பத்து மாணவர் அங்கே சேரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்று தெரிந்தது.

காரணம் மார்க் இல்லை. முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்குத் தரும் முன்னுரிமை, விளையாட்டு வீரர்களுக்கான சேர்க்கை, படிப்பு சாராத விஷயங்களுக்குப் போடும் மதிப்பு ஆகிய மூன்றும்தான் இதற்குப் பெரும்பாலான காரணம் என்றது ஆய்வு. அதாவது தேர்வில் சமமின்மை இருக்கிறது. தேர்வுக்கு வெளியே உள்ள விஷயங்களிலும் சமமின்மை இருக்கிறது. ஒன்றை எடுத்துவிட்டால் மட்டும் இன்னொன்று சரியாகிவிடாது.

தமிழ்நாட்டுக்குப் பழக்கமான வாதம்

இந்த விவாதம் நமக்குப் புதிதில்லை. ‘நுழைவுத் தேர்வு என்றால் கோச்சிங் போகிறவர்களுக்குத்தான் லாபம், கிராமத்துப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?’ என்ற கேள்விதான் தொழிற்கல்விக்கான பொது நுழைவுத் தேர்வைத் தமிழ்நாடு ரத்து செய்யக் காரணம். அந்தச் சட்டம் 2007-ல் நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கு நீட் பற்றிப் பேசும்போதும் இதே கேள்விதான் முன்னால் நிற்கிறது.

அதேபோல, நீட் மார்க்கைச் சூழலோடு பார்க்கும் முயற்சியும் இங்கே நடந்திருக்கிறது. 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில், அரசுப் பள்ளி மாணவர்கள் அரசுப் பள்ளி மாணவர்களோடு மட்டும்தான் போட்டியிடுகிறார்கள். அமெரிக்கக் கல்லூரிகள் ஒவ்வொரு ஃபைலாக எடுத்து அதிகாரிகளை வைத்துச் செய்வதை, தமிழ்நாடு சட்டம் போட்டு ஒதுக்கீடாகச் செய்கிறது. வழி வேறு. ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே எண்ணம்: எங்கிருந்து ஓடத் தொடங்கினார் என்பதையும் பார்க்க வேண்டும்.

இங்கிருந்து விண்ணப்பிப்பவர்கள் என்ன கவனிக்க வேண்டும்?

ஒன்று, விதியை முதலில் பாருங்கள். கட்டாயமா, விருப்பமா, பார்க்க மாட்டார்களா? ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி விதி. ஒரே கல்லூரியிலேயே வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. கோச்சிங் சென்டர் விளம்பரத்தை நம்பாமல் கல்லூரியின் சொந்த இணையதளத்தில் நேரடியாகப் பாருங்கள்.

இரண்டு, ‘நடு 50 சதவீதம்’ என்ற எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு கல்லூரி 1480 - 1560 என்று போட்டிருந்தால், 1480 என்பது குறைந்தபட்ச மார்க் இல்லை. மார்க் கொடுத்துச் சேர்ந்தவர்களில் நான்கில் ஒரு பங்கினர் அதற்கும் கீழேதான் வாங்கியிருக்கிறார்கள்.

மூன்று, ‘காமன் டேட்டா செட்’ என்ற ஆவணத்தைத் தேடுங்கள். கல்லூரியின் பெயரோடு இந்த வார்த்தைகளைச் சேர்த்துத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். மார்க், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று கல்லூரியே அதில் டிக் போட்டிருக்கும். எத்தனை சதவீதம் பேர் மார்க் கொடுத்தார்கள் என்பதும் இருக்கும். இலவசம்தான்.

நான்கு, பள்ளி மார்க்கை விட்டுவிடாதீர்கள். அங்கே 9-ம் வகுப்பில் இருந்தே பார்ப்பார்கள். ‘பத்தாவதும் பன்னிரண்டாவதும் மட்டும் முக்கியம், பதினொன்றை அப்புறம் பார்த்துக்கலாம்’ என்ற நம்ம ஊர் கணக்கு அங்கே செல்லாது.

ஐந்து, எத்தனை முறை எழுதுவது? பல கல்லூரிகள், வேறு வேறு முறை எழுதியதில் ஆங்கிலத்தில் எது உச்சமோ, கணக்கில் எது உச்சமோ, அவற்றைச் சேர்த்து எடுத்துக்கொள்கின்றன. அதனால் இரண்டாவது முறை எழுதுவதில் பலன் இருக்கலாம். ஆனால் 1540-ஐ 1560 ஆக்க நாலாவது முறை எழுதுவதைவிட, அந்த நேரத்தைக் கட்டுரைக்குச் செலவிடலாம். இந்தியாவில் இருந்து எழுதினால் தேர்வுக் கட்டணம் மட்டுமே ஒவ்வொரு முறையும் 100 டாலரைத் தாண்டுகிறது என்பதையும் மறக்காதீர்கள்.

ஆறு, பணம். சீட் கிடைப்பது ஒன்று, கட்டணம் கட்டுவது இன்னொன்று. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி, டார்ட்மவுத் போன்ற சில கல்லூரிகள் மட்டும், வெளிநாட்டு மாணவர் உதவித்தொகை கேட்கிறார் என்பதைச் சேர்க்கை முடிவில் பார்ப்பதில்லை. சேர்ந்தால் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தேவையான தொகையைத் தருகின்றன. மற்ற பல இடங்களில், உதவி கேட்பதே சீட் வாய்ப்பைக் குறைக்கலாம். விண்ணப்பிக்கும் முன்பே இதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

ஏழு, இதுதான் முக்கியம். ‘விருப்பம்’ என்று சொல்லும் கல்லூரிக்கு மார்க்கை மறைப்பதற்கு முன், அந்தக் கல்லூரியின் எண்ணோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். உங்கள் பள்ளியோடும் உங்கள் ஊரோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதிக்காத குடும்பத்தில் இருந்து, எஸ்.ஏ.டி என்றால் என்னவென்றே தெரியாத பள்ளியில் படித்து 1400 வாங்கியிருந்தால், அதை வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை. டார்ட்மவுத்தில் மறைத்தவர்களுக்கு, தாங்கள் எதை இழந்தோம் என்பது கடைசிவரை தெரிந்திருக்காது. அதே தவறு இங்கிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு நடக்கக் கூடாது.